ஹான்ஸ் யோனாஸ் கண்ட உயிர்த் தத்துவம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஊர் மாறிற்று, உண்ணும் அரிசி மாறிற்று, குடிக்கும் நீர் மாறிற்று, தெருவிற் கேட்கும் மொழியும் மாறிற்று. ஆயினும் கோடை விடுமுறைக்கு நாம் ஊர் சென்றால், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதிய பாட்டி ஒருத்தி கண்ணை இடுக்கிப் பார்த்து, "நீ இன்னார் பேரன் அல்லவா?" என்று கேட்டுவிடுகிறாள். ஊரை விட்ட நாளில் நம் உடலில் இருந்த பொருளிற் பெரும்பகுதி இன்று அதில் இல்லை. இருப்பினும் ஆள் அதே ஆள்தான். மாறியது எது? மாறாமல் நின்றது எது?

விளையாட்டாகத் தோன்றும் இக் கேள்வியைத் தம் வாழ்நாட் கேள்வியாகக் கொண்ட பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹான்ஸ் யோனாஸ். உள்ளது எது என்று ஆராயும் உள்பொருளியல், உயிர்களை ஆராயும் உயிர்நூல், மனத்தை ஆராயும் தத்துவம் ஆகிய மூன்றையும் ஒரு பாலமாக இணைக்க முயன்றவர் அவர். அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவரே. ஆனால் பிழைப்பு அவரை அழைக்கவில்லை, கொடுமை அவரைத் துரத்தியது. அவர் வரலாற்றையும் கருத்தையும் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் மொன்ஷென்கிளாட்பாக் என்பது ஒரு நெசவாலை நகரம். அங்கே துணி உற்பத்தித் தொழில் நடத்திய யூதக் குடும்பமொன்றில் 1903-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் யோனாஸ் பிறந்தார். அவருடைய அன்னையார் யூத சமய குரு ஒருவரின் மகள்.

1921-இல் ஃபிரைபுர்க் பல்கலைக் கழகத்திற் சேர்ந்த யோனாஸ், அந்நாளில் ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றிருந்த எட்மண்ட் ஹுஸ்ஸர்ல், மார்ட்டின் ஹைடெகர் என்னும் இரு பெரும் ஆசிரியர்களிடம் பாடங் கேட்டார். பின்னர் மார்புர்க் நகரில் ஹைடெகரிடமும், கிறிஸ்தவ சமய அறிஞரான ருடால்ப் புல்ட்மனிடமும் பயின்றார். பிற்காலத்தில் அரசியற் சிந்தனையாளராகப் பெயர் பெற்ற ஹன்னா ஆரென்ட் அம்மையார் அங்கே அவருக்கு உடன் மாணவர். அந்த நட்பு நெடுங்காலம் நீடித்தது.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவம் தோன்றிய முதல் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவியிருந்த ஞாஸ்டிக் சமயம். இவ்வுலகம் ஒரு சிறை. மனித ஆன்மா வேறெங்கோ இருந்து இங்கு வந்து அகப்பட்டுக்கொண்ட அந்நியன். உடலும் இயற்கையும் அதற்குப் பகை என்பது அச் சமயத்தின் உட்கருத்து. இதனை ஆராய்ந்து 1928-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பழைய சமயமொன்றைப் பற்றிய அந்த ஆராய்ச்சியே, பின்னர் உயிரைப் பற்றிய தத்துவத்திற்கு அவரை இட்டுச் சென்றது என்பதைப் போகப் போகக் காண்போம்.

நாடு நீங்கியது

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டில், தாம் பெரிதும் மதித்த ஆசான் ஹைடெகர் ஃபிரைபுர்க் பல்கலைக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார் என்ற செய்தி யோனாஸின் நெஞ்சை உலுக்கியது. ஓர் ஆசிரியர் வழி தவறினார் என்று மட்டும் அவர் அதனை எண்ணவில்லை. அத்தனை ஆழமான தத்துவம் ஒருவனைத் தீமையிலிருந்து காக்க இயலாமற் போயிற்றே, அத் தத்துவத்திலேயே ஏதோ குறை இருத்தல் வேண்டும் என்று எண்ணினார்.

அவ் வாண்டே அவர் ஜெர்மனியை விட்டு இலண்டன் சென்றார். ஜெர்மனியை வெல்லும் படையின் வீரனாகவன்றி இனி இம் மண்ணை மிதியேன் என்று உறுதி பூண்டார். 1935-இல் பாலஸ்தீனம் சென்று ஜெருசலேமிற் குடியேறினார். போர் மூண்டபின் பிரிட்டிஷ் இராணுவத்திற் சேர்ந்தார். 1943-இல் லோரே என்னும் பெண்மணியை மணந்தார். மணமான சிறிது காலத்திலேயே யூதப் படைப் பிரிவோடு இத்தாலிப் போர்முனைக்குச் செல்ல நேர்ந்தது.

போர்முனையில் பிறந்த தத்துவம்

ஆராய்ச்சி செய்வதற்கு நூலகம் வேண்டும், தனிமை வேண்டும், மேசை விளக்கு வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். யோனாஸிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தவை காகிதமும் எழுதுகோலும், தொலைவில் கடிதத்துக்காகக் காத்திருந்த மனைவியுமே. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அவர் லோரேக்கு எழுதிய கடிதங்களிற் சில, அன்பு மொழிகளோடு தத்துவப் பாடங்களையும் தாங்கிச் சென்றன. உயிர் என்பது யாது, உடல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது, சுதந்திரம் எங்கே தொடங்குகிறது என்பனவே அப் பாடங்கள். நாள்தோறும் சாவைக் கண்டு கொண்டிருந்த ஒருவர் உயிரின் பொருளைச் சிந்தித்ததில் வியப்பில்லை. உடலை ஒரு பொருட்டாக எண்ணாத தத்துவம் போர்முனையிற் செல்லாது என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். அக் கடிதங்கள் 2003-இல் அவருடைய நினைவுக் குறிப்புக்களோடு சேர்ந்து அச்சேறின.

1945-இல் அவர் பூண்ட உறுதி நிறைவேறிற்று. இராணுவ உடையில் ஜெர்மனிக்குள் நுழைந்தார். பிறந்த ஊருக்குச் சென்றார். தந்தையார் 1938-லேயே காலமாகியிருந்தார். அன்னையாரைப் பற்றி விசாரித்தார். அந்த அம்மையார், வெளிநாடு செல்லத் தமக்கெனக் கிடைத்த அனுமதியைச் சிறைமுகாமில் அடைபட்டிருந்த மற்றொரு மகனுக்கு விட்டுக்கொடுத்துத் தாம் பின் தங்கியவர். 1942-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார் என்ற செய்தியே மகனுக்குக் கிடைத்தது. அத் துயரம் வாழ்நாள் முழுதும் யோனாஸை விட்டு நீங்கவில்லை.

அப் பயணத்தில் மார்புர்க் சென்று பழைய ஆசிரியர் புல்ட்மனையும் கண்டார். நாஜிகளுக்கு இணங்காது நின்றவர் புல்ட்மன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கண்ட மாணவர் கக்கத்தில் ஏதோ ஒரு பொதியை இடுக்கியிருப்பதைப் பார்த்தவுடன், அது ஞாஸ்டிக் ஆராய்ச்சியின் இரண்டாம் பாகமோ என்று அவர் ஆவலுடன் வினவினாராம். உலகமே இடிந்து கிடந்த வேளையில், பாதியில் நின்ற ஒரு நூலை நினைவில் வைத்துக் கேட்ட அந்த ஒரு கேள்வி, தம் உள்ளத்தில் முதன் முதலாக ஒருவித அமைதியை உண்டாக்கிற்று என்று யோனாஸ் பின்னாளில் எழுதியுள்ளார். ஆசிரியர் மாணவர் உறவு எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மீண்டும் பயணம்

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபோது மூண்ட போரிலும் அவர் படையிற் பணிபுரிந்தார். 1949-இல் கனடா சென்று முதலில் மான்ட்ரியாலிலும் பின்னர் ஒட்டாவாவிலும் கற்பித்தார். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக் கழகம் அவரைத் திரும்ப அழைத்தது; அவர் ஏற்கவில்லை. போரும் படையுமாகக் கழிந்த ஆண்டுகள் போதும், குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்து எழுதவேண்டும் என்று விரும்பினார். நண்பர் சிலர் வருந்தினர், கோபித்தனர். திரும்புவதா, தங்குவதா என்ற கேள்வி எத்துணை வேதனை தருவது என்பதை நம் வாசகர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

1955-இல் நியூயார்க் நகரிலுள்ள சமூக ஆராய்ச்சிக்கான புதிய பள்ளி என்னும் உயர்கல்வி நிலையத்திற் பேராசிரியரானார். 1976 வரை அங்கே பணிபுரிந்தார். அவருடைய தத்துவம் நூல் வடிவம் பெற்றது இக்காலத்தில்தான். "உயிர் என்னும் தோற்றம்" எனத் தமிழில் பெயரிடத்தக்க நூல் 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

உயிரா, சடமா?

அந்நூலின் கருத்தை இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறோம்.

பண்டைய மனிதன் எங்கும் உயிரையே கண்டான். காற்று உயிருள்ளது, ஆறு உயிருள்ளது, மலை உயிருள்ளது. அவனுக்குப் புதிராக இருந்தது சாவு ஒன்றே. எல்லாம் உயிர்மயமாக இருக்க, இதோ இவன் மட்டும் ஏன் அசையாமற் கிடக்கிறான் என்று திகைத்தான். புதிய விஞ்ஞானம் தோன்றியபின் நிலைமை தலைகீழாயிற்று. அண்டம் முழுதும் உயிரற்ற சடப்பொருள். சடமே இயல்பு, உயிரே புதிர். அப் புதிரையும் சடத்தின் விதிகளால் விளக்கி முடித்துவிட்டால் ஆராய்ச்சி நிறைவுறும் என்று கருதினர். யோனாஸ் இதனைக் கண்டு, முன்பு சாவு உயிரின் மொழியில் விளக்கப்பட்டது. இப்போது உயிர் சாவின் மொழியில் விளக்கப்படுகிறது என்ற கருத்தை வெளியிட்டார்.

இவ் விரண்டிற்கும் இடையில் நின்றது உடல் வேறு, மனம் வேறு எனப் பிரித்த கொள்கை. பதினேழாம் நூற்றாண்டில் டெக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைத் தெளிவாக வகுத்துரைத்தார். ஒரு பக்கம் நினைக்கும் மனம். மறு பக்கம் இடத்தை அடைக்கும் சடம். அவ்வாறு பிரித்தால் விலங்குகள் வெறும் இயந்திரங்களே ஆகும். பிரித்த இரண்டையும் மீண்டும் ஒட்ட முடியாமல் தத்துவம் முந்நூறு ஆண்டுகள் தவித்தது. ஒட்ட முடியாததன் காரணம், அவ்விரண்டும் சந்திக்கும் இடமாகிய உயிருள்ள உடலை எவரும் நேராக நோக்காமையே என்றார் யோனாஸ்.

அவர் நோக்கினார். மிகச் சிறிய உயிரணுவிலேயே தொடங்கினார். உயிரற்ற கல் இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. நேற்றிருந்த அணுக்களே இன்றும் இருப்பதால் அது அதே கல். உயிரோ அவ்வாறன்று. அது பொருளை வெளியிலிருந்து ஏற்கிறது, தன்மயமாக்குகிறது, கழிக்கிறது. நம் குருதியிலுள்ள சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். பிறகு புதியது அதனிடத்தை நிரப்புகிறது. நரம்பணுக்களிற் பெரும்பாலன வாழ்நாள் முழுதும் நீடிப்பினும், அவற்றிலுள்ள புரதங்கள் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றன. பொருள் ஓடிக்கொண்டே இருக்க, வடிவம் நிலைக்கிறது. இதுவே வளர்சிதை மாற்றம். திண்ணைப் பாட்டி நம்மை இனங்கண்டதன் இரகசியமும் இதுவே.

இதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது என்கிறார் யோனாஸ். உயிர் எந்தக் குறிப்பிட்ட பொருளோடும் கட்டுண்டு கிடக்கவில்லை. ஆனால் அச் சுதந்திரத்திற்கு ஒரு விலையும் உண்டு. புதிய பொருள் கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும், கிடைக்காவிடில் சாவு. மாற்றிக்கொள்ள இயலும் என்பது உரிமை. மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது கட்டாயம். ஆதலால் எந்த உயிருக்கும் தன் இருப்பு ஒரு பொருட்டாக இருக்கிறது. கல்லுக்குத் தான் இருப்பதும் ஒன்றுதான், உடைவதும் ஒன்றுதான். அமீபாவிற்கு அப்படியன்று. இவ்வாறு "வேண்டும்", "வேண்டாம்" என்பன உலகில் முதன் முதலாகத் தோன்றிய இடம் உயிரணுவே. மனத்தின் வித்தும் அங்கேயே விழுந்தது என்பது அவர் துணிபு.

தாவரம் வேரூன்றிய இடத்திலேயே உணவைப் பெறுகிறது. தேவைக்கும் நிறைவுக்கும் இடையே அதற்குத் தொலைவு இல்லை. விலங்கிற்கோ இரை தொலைவில் இருக்கிறது. அதனைக் காண வேண்டும், அதனை நோக்கி ஓட வேண்டும், ஓடி முடியும்வரை ஆசை தளராமல் இருக்கவேண்டும். ஆகவே புலனறிவு, இயக்கம், உணர்ச்சி மூன்றும் ஒருங்கே வளர்ந்தன. பசியும் அச்சமும் அத் தொலைவின் குழந்தைகள். மனிதனோ இன்னும் ஒரு படி விலகி நின்றான். கண்ட மானைத் துரத்துவதோடு நில்லாமல், அதன் உருவைக் குகைச் சுவரில் எழுதினான். எதிரில் இல்லாத பொருளை மனத்தில் நிறுத்தும் அந்த ஆற்றலே மனிதனின் தனி அடையாளம் என்றார் யோனாஸ்.

நம் தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தமை வாசகர் நினைவுக்கு வரலாம். அவர் புல்லையும் மரத்தையும் உயிர் வரிசையிலேயே வைத்தார். இரண்டையும் ஒன்றென்று சொல்ல நாம் துணியமாட்டோம். அவர் அறியும் பொறிகளைக் கொண்டு வகுத்தார். யோனாஸ் தேவைக்கும் நிறைவுக்கும் உள்ள தொலைவைக் கொண்டு வகுத்தார். ஆயினும் புல்லிலிருந்து மனிதன் வரை ஒரே ஏணி என்னும் எண்ணம் நமக்கு அந்நியமானதன்று.

மனம் வெறும் நிழலா?

மூளையில் நிகழும் இரசாயன மாற்றங்களே உண்மை. எண்ணம் என்பது அவற்றின் நிழல். நிழல் எதனையும் அசைக்காது என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இதற்கு யோனாஸ் 1981-இல் வெளியிட்ட சிறு நூலில் சுவையான ஒரு விடை உண்டு. 1840-களில் ஜெர்மனியில் இளம் உடலியல் அறிஞர் சிலர், உயிருடலில் பௌதிக இரசாயன ஆற்றல்களன்றி வேறில்லை என்ற உண்மையை நிலைநாட்டப் பாடுபடுவோம் என்று தமக்குள் உறுதிமொழி செய்துகொண்டனர். உறுதிமொழி செய்தவர் அதற்கேற்ப வாழ்ந்தும் காட்டினர். அப்படியானால், ஒரு வாக்கு அவர்களுடைய கைகளையும் கால்களையும் வாழ்நாள் முழுதும் நடத்திச் சென்றதன்றோ? மனத்திற்கு ஆற்றல் இல்லை என்று நிறுவ, மனத்தின் ஆற்றலையே நம்பினர் என்று சுட்டிக் காட்டினார் யோனாஸ்.

சாவின் எல்லை

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 1967-இல் தென்னாப்பிரிக்காவில் முதன் முதலாக மனித இதயம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு ஹார்வார்டு பல்கலைக் கழகக் குழுவொன்று, மீளா மயக்கத்தில் மூளை செயலற்றுப் போனாலே சாவு எனக் கொள்ளலாம் என்று அறிக்கை வெளியிட்டது. யோனாஸ் உடனே மறுத்தெழுதினார். மீளாத நோயாளியைக் கருவியால் மூச்சுவிடச் செய்துகொண்டே இருக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கருவியை நிறுத்திவிடுங்கள், அவரை இறக்க விடுங்கள் என்றார். ஆனால் உறுப்பு வேண்டும் என்பதற்காகச் சாவின் இலக்கணத்தை மாற்றாதீர்கள். உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லையை நாம் துல்லியமாக அறியோம். மூளை மட்டுமே மனிதன் என்பது பழைய உடல்-ஆன்மாப் பிரிவினையின் புதிய வேடம் என்று வாதித்தார்.

உலகம் பெரும்பாலும் அவர் சொல்லை ஏற்கவில்லை. நம் நாட்டிலும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவாக ஏற்றுள்ளது. அதனால் பலர் உயிர் பிழைத்துள்ளனர். அதனை நாம் குறைத்துக் கூறோம். எனினும், அவசரத்தில் எல்லைக் கல்லை நகர்த்தும்போது ஒருவராவது எழுந்து நின்று ஏன் என்று கேட்பது நாகரிகச் சமூகத்திற்கு இன்றியமையாதது என்று கருதுகிறோம்.

பிறவாதவர்க்கும் கடமை

1979-இல் வெளிவந்த "பொறுப்பு என்னும் நெறி" அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதாமல் ஜெர்மன் மொழியில் எழுதினார். தம் அன்னையைக் கொன்ற நாட்டின் மொழியாயிற்றே என்று நாம் திகைக்கலாம். ஆனால் அது அவர் அன்னையின் மொழியும் ஆகும். முதுமையில் எஞ்சிய காலம் குறைவு. தாய்மொழியில் எழுதினால் விரைவில் எழுதி முடிக்கலாம் என்பதே அவர் கூறிய காரணம்.

அணுகுண்டும் ஆலைப்புகையும் வந்தபின் மனிதன் கையிலுள்ள ஆற்றல், அவன் அறிவைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆகவே இவ்வுலகில் மனித வாழ்வு தொடர்ந்து நிலைபெறுவதற்கு ஊறு செய்யாத வகையில் செயலாற்றுக என்பது அந்நூலின் சாரம். பொறுப்புக்கு அவர் காட்டும் முதல் எடுத்துக்காட்டு அரசனுமன்று, தலைவனுமன்று, பிறந்த குழந்தை. மூச்சுவிடும் அந்தச் சிறு உடலே அருகிலிருப்பவரை நோக்கி, என்னைக் காப்பாற்று என்று கட்டளையிடுகிறது. அதற்கு வேறு வாதம் வேண்டா என்றார். ஆதியில் உயிரணுவில் தோன்றிய "வேண்டும்" என்ற குரலே இங்குக் கடமையாக மலர்கிறது.

குறை கூறுவோரும் உளர். இயற்கையில் ஒன்று இருப்பதனாலேயே அது நமக்குக் கடமை ஆகுமா என்று தத்துவ அறிஞர் பலர் வினவினர். அமீபாவிற்கு அகவுணர்வு உண்டென்பதை எச் சோதனையால் அறிவது என்று உயிர்நூலார் கேட்டனர். இவை எளிதிற் தள்ளத்தக்க வினாக்களல்ல. ஆயினும் அவர் நட்ட விதை முளைத்தது. 2002-இல் உயிர்நூலறிஞர் ஃபிரான்சிஸ்கோ வரேலா மற்றொருவரோடு எழுதிய கட்டுரையும், 2007-இல் ஈவன் தாம்ஸன் வெளியிட்ட "உயிரில் மனம்" என்ற பொருள்படும் நூலும் யோனாஸின் கருத்துக்களைத் துணையாகக் கொண்டு எழுந்தவை.

1987-இல் ஜெர்மன் புத்தக வணிகரின் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், நியூயார்க் அருகே நியூ ரோஷெல் என்ற ஊரில் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

முடிவாக

மனிதன் இவ்வுலகில் அந்நியன் என்ற பழைய ஞாஸ்டிக் கொள்கையை ஆராய்வதில் தொடங்கிய வாழ்வு அவருடையது. நாட்டை இழந்தார், அன்னையை இழந்தார், மொழிகள் மூன்றில் வாழ்ந்தார். உலகம் பகை என்று சொல்வதற்கு அவரைவிட உரிமையுடையவர் யார்? ஆனால் அவர் முடிவில் கண்டதோ அதற்கு நேர்மாறானது. மூச்சுவிடும் ஒவ்வோர் உடலும் இவ்வுலகைச் சேர்ந்தது. புல்லும் புழுவும் நம் உறவினர். இது நம் வீடு, இதனைக் காத்தல் நம் கடன் என்றார்.

வந்த ஊரின் உணவையும் நீரையும் ஏற்றுத் தன்மயமாக்கிக்கொண்டு, வடிவம் மட்டும் சிதையாமல் வாழும் நம் குடும்பங்களுக்கு இத் தத்துவம் புதியதன்று. மாற மறுத்தால் உயிர் இல்லை. முற்றும் மாறிவிட்டாலும் உயிர் இல்லை. இரண்டிற்கும் இடையே நாள்தோறும் செய்யும் முயற்சியே வாழ்வு. இன்றிரவு குழந்தைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது இதனை ஒரு கணம் எண்ணிப் பார்க்குமாறு நம் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.